போதகர் வீட்டு அங்கத்தினர்

அந்தப் பிரஸ்பிட்டேரியன் சபை அவரைப் போதகராக அழைத்தபோது அவருக்கு நாற்பத்தோரு வயது. வாக்கெடுப்பில் நூற்றுப் பன்னிரண்டு பேர் வேண்டும் என்றார்கள், ஒன்பது பேர் வேண்டாம் என்றார்கள். அந்த ஒன்பது பேர் யாரென்று அவர் ஒருநாளும் விசாரிக்கவில்லை. அவர்களே ஒவ்வொருவராக வந்து, "நான் உங்களுக்கு எதிரா ஓட்டுப் போட்டேன் பாஸ்டர், மனசுல வச்சுக்காதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். இரண்டு வருடத்தில் அப்படி வந்து சொன்னவர்கள் பதினோரு பேர்.

அவருடைய அப்பா பஸ் டிப்போவில் மெக்கானிக். மகனும் ஸ்பேனர் பிடிப்பான் என்று எதிர்பார்த்திருந்தார். மகன் இறையியல் கல்லூரிக்குப் போகிறேன் என்றதும் சற்று யோசித்துவிட்டு, "அதுவும் ரிப்பேர் வேலைதான். என்ன, உதிரிபாகம் கிடைக்காது" என்று சொல்லி அனுப்பிவைத்தார்.

போதகர் நன்றாகப் பிரசங்கம் செய்வார். குரலை உயர்த்த மாட்டார். எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரிந்தவர். ஆனால் அவருக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது பிரசங்கத்தைவிட வீடுகளுக்குப் போகும் சந்திப்புதான். கறுப்பு அட்டை போட்ட ஒரு நோட்டு வைத்திருந்தார். ஒரு வீட்டில் சாவு விழுந்தால், அடக்கம் முடிந்த மூன்றாம் நாள், மூன்றாம் வாரம், மூன்றாம் மாதம் என்று அந்த வீட்டின் பேர் நோட்டில் மூன்று இடத்தில் ஏறிவிடும். போனால் ஜெபப் புத்தகத்தை உடனே திறக்க மாட்டார். "அவங்க எப்படி இருப்பாங்க, கொஞ்சம் சொல்லுங்களேன்" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் உட்கார்ந்துவிடுவார். அந்த ஒரு கேள்விக்கு மனிதர்கள் ஒரு மணி நேரம் பதில் சொல்லுவார்கள்.

அவர் மனைவி ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தாள். காலை ஏழு மணிக்குப் போனால் மூன்று மணிக்குத் திரும்புவாள். நாள் முழுக்க மைக்ராஸ்கோப்பில் ஒரு கண், எண்ணிக்கைக் கருவியில் ஒரு விரல். சபையில் எல்லாருக்கும் அவள் பாஸ்டரம்மா. பெண்கள் கூட்டம், ஞாயிறு பள்ளி, ஆராதனைக்குப் பின் தேநீர் என்று எதைத் தொட்டாலும் அதன் ஓரத்தில் அவள் நிற்பாள். சனிக்கிழமை மத்தியானம் அவள் துணிகளுக்கு இஸ்திரி போடும்போது அவர் எதிரே நின்று மறுநாள் பிரசங்கத்தை ஒருமுறை சொல்லிப் பார்ப்பார். ஆக, பதினான்கு வருடமாக ஏறக்குறைய ஒவ்வொரு பிரசங்கத்தையும் அவள் இரண்டு தடவை கேட்டாள். அவர்களுக்கு ஒரே மகள்; வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போய்விட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் பிரசங்க மேடையில் ஏறிப் பார்த்தபோது இடதுபக்கம் இரண்டாவது வரிசையில், தூண் ஓரத்தில், மனைவியின் இடம் காலியாக இருந்தது. காலையில் அவருக்கு முன்பே கிளம்பிப் போயிருந்தாள். ஞாயிறு பள்ளி அறையில் ஏதோ வேலையாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டார். வீட்டுக்கு வந்தபோது அவள் சமையலறையில் உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தாள்.

"எங்க போயிட்ட?"

"சர்ச்சுக்கு."

"எந்த சர்ச்சுக்கு?"

"பாலத்துக்கு அந்தப் பக்கம். தபால்காரப் பாஸ்டர் சர்ச்சுக்கு."

அதுவும் இவர்களுடைய திருச்சபையைச் சேர்ந்ததுதான். தரைவிரிப்புக் கிடங்காக இருந்த ஒரு கட்டடத்தில் அறுபது எழுபது பேர் கூடும் சின்னச் சபை. அதன் போதகர் முப்பது வருடம் தபால் கொடுத்துவிட்டு ஊழியத்துக்கு வந்தவர். பிரசங்கமும் அப்படித்தான், கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிட்டு நிற்காமல் போய்விடுவார் என்று மற்றப் போதகர்கள் கேலி செய்வார்கள்.

"ஏதாவது விசேஷமா அங்க?"

"ஒண்ணுமில்ல. சும்மா போனேன். அடுத்த வாரமும் போவேன்."

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "அவரு என்ன, என்னைவிட நல்லாப் பேசுறாரா?" என்று கேட்டார். கேட்ட மாத்திரத்தில், போயும் போயும் இதைத்தான் முதலில் கேட்டோமே என்று அவருக்கே வெட்கமாகிவிட்டது.

"சேச்சே. பேப்பரைப் பார்த்துப் படிக்கிறாரு. இன்னிக்கு நடுவுல ஒரு பக்கத்தை விட்டுட்டாரு. யாரும் கவனிக்கல."

"பின்ன எதுக்கு?"

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். "அம்மா போய் எத்தனை மாசம் ஆகுது?"

"எட்டு மாசம்."

"உங்க நோட்டுல எங்க அம்மா பேரு இருக்கா?"

அவருக்கு முதலில் புரியவில்லை. அவளுடைய அம்மா, அதாவது அவருடைய மாமியார், எழுபத்தொன்பது வயதில் ஆஸ்பத்திரியில் மூன்று வாரம் கிடந்து இறந்தார். அடக்க ஆராதனையை அவரேதான் நடத்தினார். அன்று மனைவிதான் நாற்காலிகளை வரிசையாகப் போட்டாள், தேநீர் ஊற்றினாள், அழுத தன் சித்திக்குக் கைக்குட்டை கொடுத்தாள். வந்தவர்கள் எல்லாரும் ஆறுதலாகத் திரும்பிப் போனார்கள். மூன்றாம் நாளோ மூன்றாம் வாரமோ போய்ப் பார்க்க வேண்டிய வீடு எது என்ற கேள்வியே எழவில்லை. அது அவர் வீடு.

கடைசி வாரத்தில் மாமியார் ஓயாமல் தன் ஷூவைக் கேட்டுக்கொண்டிருந்தார். அதை மனைவி ஒருநாள் சாயங்காலம், பாத்திரம் கழுவும் தொட்டியருகே நின்றபடி, முதுகைக் காட்டிக்கொண்டே அவரிடம் சொன்னாள். அடக்கம் முடிந்த நான்காவது ஞாயிறு அவர் அதைப் பிரசங்கத்தில் சொன்னார். நீண்ட பயணத்துக்கு ஆயத்தமாகித் தன் காலணியைக் கேட்ட ஒரு ஆத்துமா என்று சொல்லி, அந்த இடத்தில் நிறுத்தினார். சபையே மூக்கை உறிஞ்சியது. அந்த வாரம் இஸ்திரி போடத் துணியில்லாததால் சனிக்கிழமை ஒத்திகையும் இல்லை. அவர் மேடையில் சொன்னபோதுதான் மனைவி அதை முதன்முதலாகக் கேட்டாள். வாசலில் பெண்கள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "வீட்டுக்குள்ளேயே இப்படி ஒரு போதகர் கிடைக்கக் கொடுத்து வச்சிருக்கணும்" என்றார்கள்.

"அம்மா பரலோகத்துக்குப் போறதுக்கு ஷூ கேக்கல" என்றாள் இப்போது. "வீட்டுக்குப் போகணும்னு கேட்டாங்க. என்னைக் கூட்டிட்டுப் போ, கூட்டிட்டுப் போன்னு. ஷூ கட்டிலுக்கு அடியிலதான் இருந்துச்சு. நான் காலால உள்ள தள்ளி விட்டுட்டு, இங்க இல்லம்மான்னு சொன்னேன். ஒரு வாரம் அந்தப் பொய்யைச் சொன்னேன். அதை இந்த உலகத்துல உங்ககிட்ட மட்டும்தான் சொன்னேன். நீங்க அதுக்கு இஸ்திரி போட்டு எல்லாருக்கும் காட்டிட்டீங்க."

"தப்புதான். பெரிய தப்பு. வர்ற ஞாயிறு சபையிலயே நான்..."

"வேணாம். அதுவும் ஒரு பிரசங்கமாயிடும்."

அவள் மறுபடி கத்தியை எடுத்தாள். குரலில் கோபம் இல்லை. பரிசோதனைக் கூடத்தில் முடிவு சொல்வதைப் போலச் சொன்னாள். "சபையில எல்லாருக்கும் ஒரு பாஸ்டர் இருக்காரு. எனக்குப் புருஷன்தான் இருக்காரு. அங்க போனா நான் பின்னாடி உட்கார்ந்துக்கிறேன். யாரும் என் மூஞ்சியைப் பார்க்கல. அழுதேன். அவ்வளவுதான்."

வியாழக்கிழமை மத்தியானம் போதகர் ஒரு காரியம் செய்தார். அதை நினைத்தால் பின்னாளில் அவருக்கே சிரிப்பு வரும். நோட்டை எடுத்துக்கொண்டு முன்கூடத்துக்கு வந்து, விருந்தாளிகள் உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்து, வேலையிலிருந்து வந்த மனைவியை எதிரே உட்காரச் சொன்னார். "உங்க அம்மா எப்படி இருப்பாங்க, கொஞ்சம் சொல்லேன்" என்றார்.

அவள் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. "எங்க அம்மா எப்படி இருப்பாங்கன்னு உங்களுக்குத் தெரியாதா? இருபத்தஞ்சு வருஷமா அவங்ககிட்ட திட்டு வாங்கினவரு நீங்க. நாடகம் வேணாம். புருஷனா இருங்க, அதையே ஒழுங்காச் செஞ்சாப் போதும்."

மூன்றாவது ஞாயிறும் இடம் காலியாக இருந்தபோது சபையில் பேச்சு கிளம்பிவிட்டது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? பாஸ்டரம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்றார்கள் சிலர். சண்டை என்றார்கள் சிலர். சொந்த வீட்டையே நடத்தத் தெரியாதவர் சபையை எப்படி நடத்துவார் என்று ஒரு குடும்பம் வெளிப்படையாகவே கேட்டது. மகள் தொலைபேசியில் அழைத்து, "அப்பா, அம்மா வேற சர்ச்சுக்குப் போகப் போறேன்னு எனக்கு அப்பவே சொல்லிட்டாங்க. நீங்க அவங்களை இழுத்துட்டு வர்றேன்னு மட்டும் கிளம்பிடாதீங்க" என்றாள். எப்போது சொன்னாள் என்று கேட்டார். பிப்ரவரியில் என்றாள் மகள். இப்போது ஜூன்.

பிரஸ்பிட்டேரியன் சபையில் போதகர் தனியாக எதையும் முடிவுசெய்ய முடியாது. சபை தேர்ந்தெடுத்த மூப்பர்கள் ஏழு பேர் மாதம் ஒருமுறை கூடுவார்கள். போதகர் தலைமை தாங்குவார். செயலராக இருந்த மூப்பர் நகராட்சியில் கட்டட அனுமதிப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பின்னால் எல்லாரும் அவரைச் சட்டப்புத்தகம் என்று சொல்வார்கள். அது அவருக்கும் தெரியும், கொஞ்சம் பெருமைதான்.

கூட்டம் ஆலயத்துக்குப் பக்கத்து அறையில், செவ்வாய்க்கிழமை சாயங்காலம். ஒரு கால் ஆடும் நீள மேசை, அதன் கீழே நாலாக மடித்த பழைய அறிவிப்புத் தாள், சுவரோரம் அடுக்கிய பாட்டுப் புத்தகங்கள். கூரை ஒழுகல், பியானோவுக்குச் சுருதி சேர்ப்பது எல்லாம் முடிந்த பிறகு பல் டாக்டராக இருந்த பெண் மூப்பர் பேனாவை மூடினார். "எல்லாரும் மனசுல வச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கோம். நானே கேட்டுடறேன். பாஸ்டர், அம்மா ஏன் வர்றதில்ல?"

போதகர் பதில் சொல்ல வாயெடுத்தார். செயலர் கையைத் தூக்கி நிறுத்தினார்.

"ஒரு நிமிஷம். பாஸ்டர் இதுக்குப் பதில் சொல்லக் கூடாது."

"ஏன்?"

"விதிப்படி போதகர் நம்ம சபை அங்கத்தினரே கிடையாது. அவரு வட்டார மன்றத்தோட அங்கத்தினர், எல்லாப் போதகர்களும் அப்படித்தான். ஆனா அவரோட மனைவி நம்ம அங்கத்தினர். அவங்களை விசாரிக்க வேண்டியது அவங்களுக்கு ஒதுக்கின மூப்பர். பாஸ்டர் தலைமை நாற்காலியை விட்டுட்டு வெளியே இருக்கணும்."

போதகர் எழுந்து வெளியே போய்ப் படியில் நின்றார். உள்ளே செயலர் குடும்பப் பட்டியலை விரித்தார். சபையின் ஒவ்வொரு குடும்பமும் ஏதாவது ஒரு மூப்பர் பொறுப்பில் இருக்கும். மூப்பர் வருடத்துக்கு இரண்டு முறையாவது அந்த வீட்டுக்குப் போக வேண்டும். செயலர் பட்டியலை மேலிருந்து கீழே பார்த்தார், கீழிருந்து மேலே பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு இன்னொரு தடவை பார்த்தார்.

"யாரு பொறுப்புல இருக்காங்க?" என்றார் டாக்டர்.

"யாரு பொறுப்புலயும் இல்ல."

"புதுசா விட்டுப் போச்சா?"

"பதினாலு வருஷமா விட்டுப் போச்சு. பட்டியல் போடுறது நான்தான்."

படியில் நின்றவருக்கு உள்ளே பேசியது எதுவும் கேட்கவில்லை. அரைமணி நேரம் கழித்து வெளியே வந்த செயலர், "வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு உங்க வீட்டுக்கு வர்றேன். நீங்க அப்போ வீட்டுல இருக்க வேணாம் பாஸ்டர்" என்று மட்டும் சொன்னார்.

வெள்ளிக்கிழமை போதகர் தன் வீட்டிலிருந்து வெளியே அனுப்பப்பட்டார். போக ஓர் இடம் வேண்டுமே என்று ஆலயத்துக்குப் போய்ப் பாட்டுப் புத்தகங்களில் கிழிந்தவற்றைப் பொறுக்கி ஒட்டினார். ஐந்து மணிக்குத் திரும்பியபோது வாசலில் செயலரின் சைக்கிள் நின்றது. தெருவைச் சுற்றி ஒரு நடை போய்விட்டு வந்தார். சைக்கிள் நின்றது. சலவைக் கடைக்காரர், "என்ன பாஸ்டர், வீட்டுச் சாவியைத் தொலைச்சிட்டீங்களா?" என்று கேட்டார். இன்னொரு சுற்றுப் போனார். ஆறு மணிக்குத்தான் செயலர் வெளியே வந்தார். கண் சிவந்திருந்தது.

"என்ன பேசினீங்க?"

"அது மூப்பர் சந்திப்பு. வெளியே சொல்லக் கூடாது, உங்களுக்கே தெரியும்." செயலர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நாலடி நடந்துவிட்டு நின்றார். "நான் ஒண்ணும் புதுசாக் கேட்டுடல. எங்க அண்ணன் போனப்போ நீங்க என்கிட்ட வந்து என்ன கேட்டீங்களோ, அதையேதான் கேட்டேன்."

தான் கேட்டபோது வராத பதில் செயலர் கேட்டதும் வந்திருக்கிறது. போதகருக்கு அது நிம்மதியாகவும் இருந்தது, முள்ளாகவும் இருந்தது. வீட்டுக்குள் போனார். மேசையில் இரண்டு காலிக் கோப்பைகள். மனைவி முகம் கழுவிக்கொண்டிருந்தாள்.

"அவரு பாவம். அவருதான் அதிகமா அழுதாரு" என்றாள்.

எல்லாம் சரியாகிவிட்டது, அடுத்த ஞாயிறு பாஸ்டரம்மா வந்துவிடுவார் என்று டாக்டர் உட்பட எல்லாரும் எதிர்பார்த்தார்கள். அவள் வரவில்லை. இரண்டு வாரம் கழித்துச் செயலருக்கு ஒரு கடிதம் எழுதினாள். தன் அங்கத்துவத்தைப் பாலத்துக்கு அந்தப்பக்கச் சபைக்கு மாற்றித் தர வேண்டும் என்று நான்கு வரி. கீழே, விசாரித்ததற்கு நன்றி என்று ஒரு வரி.

மூப்பர்களில் இருவர் இதை ஒத்துக்கொள்ளக் கூடாது என்றார்கள். போதகர் மனைவியே போனால் மற்றவர்கள் என்ன நினைப்பார்கள் என்பது அவர்கள் வாதம். செயலர் விதியைப் படித்தார். நல்ல நிலையில் உள்ள அங்கத்தினர் கேட்டால் மாற்றுச் சான்றிதழைக் கொடுத்தே தீர வேண்டும். மறுக்க மூப்பர்களுக்கு அதிகாரம் இல்லை. "அவங்க நல்ல நிலையில இருக்காங்களா இல்லையான்னு மட்டும்தான் நாம முடிவு பண்ண முடியும்" என்றார். டாக்டர், "அவங்க நல்ல நிலையிலதான் இருக்காங்க. நம்ம நிலைதான் சுமார்" என்றார். சான்றிதழில் செயலர் கையெழுத்தும் தலைவர் கையெழுத்தும் வேண்டும். தலைவர் போதகர். இந்தச் சகோதரியை உங்கள் அன்புக்கும் பராமரிப்புக்கும் ஒப்புவிக்கிறோம் என்று அச்சடித்த வாசகத்தின் கீழே அவர் கையெழுத்துப் போட்டார். ஆயிரம் சான்றிதழில் போட்டவர்தான். இந்த முறை அந்த வாசகத்தை இரண்டு தடவை படித்தார்.

முன்பு கேள்வி கேட்ட குடும்பம் சபையை விட்டுப் போனது. மற்றவர்களுக்குக் கொஞ்ச நாளில் பழகிவிட்டது. தேநீர் ஊற்ற ஆள் இல்லாமல் இரண்டு வாரம் திண்டாடினார்கள். பிறகு ஆண்கள் ஊற்றக் கற்றுக்கொண்டார்கள். போதகர் சனிக்கிழமை ஒத்திகையை விட்டுவிட்டார். வீட்டில் நடந்ததைப் பிரசங்கத்தில் சொல்வதையும் விட்டுவிட்டார். பாஸ்டர் பேச்சில் பழைய ருசி இல்லை என்று சிலர் சொன்னார்கள். அது உண்மைதான். ஆனால் இன்னும் அதிகமாகச் சந்திப்புக்குப் போனார்.

செப்டம்பரில் அவருக்கு ஒரு ஞாயிறு விடுமுறை வந்தது. வழக்கமாக அந்த நாளில் வேறு எங்காவது பிரசங்கம் செய்யப் போவார். இந்த முறை சனிக்கிழமை சாயங்காலம் மனைவியிடம், "நாளைக்கு நானும் வரட்டுமா?" என்று கேட்டார்.

"வாங்க. ஆனா உங்களைப் பேசச் சொன்னா மாட்டேன்னுடணும்."

"சரி."

"முன்னாடி உட்காரக் கூடாது."

"சரிம்மா."

பாலத்தின் மேல் நடந்து போனார்கள். கீழே சரக்கு ரயில் ஒன்று நின்றுகொண்டிருந்தது. கிடங்கு வாசலில் நின்ற கிழவர் ஒருவர் மனைவியைப் பார்த்து, "வாங்க லேப் அக்கா" என்று கைகொடுத்துவிட்டு, "இது யாரு?" என்றார். "எங்க வீட்டுக்காரர்" என்றாள். "சார் என்ன வேலை பார்க்கிறார்?" என்று கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் அவர் கையில் ஒரு பாட்டுத் தாளைத் திணித்தார் கிழவர்.

கடைசிக்கு முந்திய வரிசை. மடக்கு நாற்காலி. கல்யாண நாள் தவிர, ஆராதனையில் மனைவி பக்கத்தில் உட்கார்ந்தது அவர் நினைவில் இல்லை. ஆண்டுக்கணக்காக அவளை மேடையிலிருந்துதான் பார்த்திருக்கிறார். அவள் பாட்டில் இரண்டாம் குரல் பாடுவாள் என்பது அன்றுதான் தெரிந்தது. தபால்காரப் பாஸ்டர் பேப்பரைப் பார்த்துப் பதினாலு நிமிடம் பேசினார். நடுவில் ஓர் இடத்தில் போதகர் மனைவியின் பக்கம் சாய்ந்து, "இந்த இடத்துல நிறுத்தியிருக்கணும்" என்று கிசுகிசுத்தார். அவள் அவர் தொடையில் கிள்ளினாள். "சும்மா கேளுங்க."

ஜெப நேரத்தில் அவள் அழுதாள், சத்தமில்லாமல். அவருக்குச் சொல்லத் தெரிந்த ஆறுதல் வார்த்தைகள் நிறைய இருந்தன. ஒன்றையும் சொல்லவில்லை. தன் கைக்குட்டையைக் கொடுத்தார். அவள் வாங்கிக்கொண்டாள்.

அதன் பிறகு ஏழு வருடம் அவர் அதே சபையில் ஊழியம் செய்தார். இரண்டாம் முறை மூப்பரான டாக்டரின் யோசனைப்படி, அடுத்து வரும் போதகரின் குடும்பமும் ஒரு மூப்பரின் பொறுப்பில் இருக்க வேண்டும் என்று தீர்மானம் எழுதி வைத்தார்கள். செயலர் அதை மூன்று பிரதி எடுத்து வைத்தார். வருடத்துக்கு ஒருமுறை, விடுமுறை ஞாயிறுகளில், போதகர் பாலத்தைத் தாண்டினார்.

ஓய்வு பெற்ற போதகர் பழைய சபையிலேயே தங்கிப் புதியவருக்கு இடைஞ்சல் தரக் கூடாது என்பது அவர்கள் திருச்சபையின் வழக்கம். பிரிவுபசாரக் கூட்டத்தில் நிறையப் பேர் பேசினார்கள். எதிராக ஓட்டுப் போட்டதாகச் சொன்ன இன்னும் இரண்டு பேர் புதிதாக வந்து மன்னிப்புக் கேட்டார்கள். அடுத்த ஞாயிறு முதல் அவர் மனைவியின் சபைக்குப் போனார். அங்கே அவர் லேப் அக்கா வீட்டுக்காரர்தான். தபால்காரப் பாஸ்டர் போய் இப்போது ஓர் இளம்பெண் போதகராக வந்திருக்கிறாள்; வேகமாகப் பேசுவாள்.

ஆராதனை முடிந்ததும் இருவரும் பஸ் நிறுத்தத்தில் நிற்பார்கள். முழங்கால் வலியால் இப்போது பாலத்தில் ஏறுவதில்லை. அன்றைய பிரசங்கம் எடுபடவில்லை, நடுப்பகுதி தொங்குகிறது என்பார் அவர். அவள் ஒத்துக்கொள்ள மாட்டாள். நடுப்பகுதிதான் நன்றாக இருந்தது, உங்களுக்குக் கேட்கத் தெரியவில்லை என்பாள். பஸ் வரும்வரை வாதம் நடக்கும். சில நாள் பஸ்ஸிலும் நடக்கும்.